கொக்கு பற பற, கோழி பற பற: பதின்வயதுப் பிள்ளைக்குப் பயிற்சி கொடுத்து மனக்கட்டுப்பாட்டை வளர்க்க முடியுமா?

கேள்வி, 9 ஜூன் 2025
என் மகனுக்கு 14 வயது, ஒன்பதாம் வகுப்பு. போனை எடுத்தால் கீழே வைப்பதில்லை. கோபம் வந்தால் கையில் இருப்பதைத் தூக்கி எறிகிறான். எங்கள் ஊரில் புதிதாக ஒரு மையம் திறந்திருக்கிறார்கள். 8 வாரம், தினமும் கால் மணி நேரம் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. விளையாட விளையாட மூளையின் முன்பகுதி பலமாகி செல்ஃப் கன்ட்ரோல் தானாக வந்துவிடுமாம். உடம்புக்கு ஜிம் மாதிரி மூளைக்கு இது என்கிறார்கள். கட்டணம் 7,500 ரூபாய். சேர்க்கலாமா?

9 ஜூன், இரவு 10.40
சேர்க்க வேண்டாம். அந்தப் பணத்தில் அவனுக்கு நல்ல ஷட்டில் ராக்கெட்டும் ஷூவும் வாங்கிக் கொடுங்கள்.

நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன், 19 வருஷமாக. வீட்டில் 15 வயதில் ஒருவன் இருக்கிறான், இந்த வருஷம் பத்தாவது. அதனால் இதைத் தேடித் தேடிப் படித்தேன். நீங்கள் சொல்லும் மாதிரியான பயிற்சியை, அதே 8 வாரம், லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் முறையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். 235 பிள்ளைகள். ஒரு பிரிவுக்குக் கையை நிறுத்தப் பழக்கும் விளையாட்டு. இன்னொரு பிரிவுக்கு வேகமாக அழுத்த மட்டும் பழக்கும் விளையாட்டு. பயிற்சிக்கு முன்னாலும் பின்னாலும் எம்ஆர்ஐ எடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்தும் கூப்பிட்டுப் பார்த்தார்கள்.

2024இல் முடிவு வெளியானது. நிறுத்தப் பழகிய பிள்ளைகள் அந்த விளையாட்டில் தேறிவிட்டார்கள். அதற்கு வெளியே ஒன்றுமே மாறவில்லை. படிப்பு, பொறுமையாகக் காத்திருப்பது, மனநிலை, மூளையின் அமைப்பு என்று எதை அளந்தாலும் இரண்டு பிரிவும் ஒன்றாகவே இருந்தன.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மிட்பிரைன் ஆக்டிவேஷன் என்று கண்ணைக் கட்டிவிட்டுப் படிக்கச் சொல்லும் வகுப்புகள் ஊர் ஊராக வந்தன, நினைவிருக்கிறதா? அப்போதும் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய பெற்றோரை எனக்குத் தெரியும். அந்த ஆத்திரம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் பதில் இவ்வளவு வெட்டென்று வருகிறது.

10 ஜூன், காலை
அந்த விளையாட்டு எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். இலவசமாகவே கிடைக்கிறது. போன வருஷம் நானும் மகனும் ஒரு வாரம் உட்கார்ந்து விளையாடினோம்.

திரையில் ஓர் அம்புக்குறி வரும். இடது பக்கம் காட்டினால் இடது பட்டன், வலது என்றால் வலது. யோசிக்காமல் அழுத்த வேண்டும். நாலு தடவைக்கு ஒரு தடவை, அம்பு வந்த கையோடு பீப் என்று ஒரு சத்தம். அது கேட்டால் அழுத்தக் கூடாது. நீங்கள் சரியாக நிறுத்த நிறுத்த, சத்தம் இன்னும் கொஞ்சம் பிந்தி வரும். விரல் பாதி இறங்கியிருக்கும்போது வரும். தப்பாக அழுத்திவிட்டால் மறுமுறை சற்று முந்தி வரும். பெரியவர்களுக்கு ஒரு செயலை இப்படி நிறுத்த ஏறக்குறைய கால் நொடி ஆகிறது. அந்தக் கால் நொடியைத்தான் அளக்கிறார்கள்.

மகன் நாக்கை உதட்டோரம் துருத்திக்கொண்டு, கண் கொட்டாமல் விளையாடினான். முதல் நாள் நிறையத் தப்பு. மூன்றாம் நாள் ஒரு தந்திரம் கண்டுபிடித்தான்: அம்பு வந்ததும் அழுத்தாமல் ஒரு கணம் தாமதித்து, சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துவது. நாலாம் நாள் என்னைவிட நன்றாக நிறுத்தினான். அன்று ராத்திரி 12 மணிக்குப் போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது. போன்தான்.

பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது. இது நாம் திண்ணையில் விளையாடியதுதான்! கொக்கு பற பற, கோழி பற பற, மைனா பற பற என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே வந்து, திடீரென்று மாடு பற பற என்பார்கள். கை தூக்கினவன் அவுட். எங்கள் சின்ன அத்தை அதில் அசைக்க முடியாத ஆள். ஆனால் அடுப்படியில் அதிரசம் சுட்டுவைத்தால் அவருக்குத்தான் முதலில் கை நீளும்.

10 ஜூன், மாலை
ஒரு திருத்தம். லண்டன் ஆய்வில் இருந்தவர்கள் 6 முதல் 13 வயது வரையிலான பிள்ளைகள். கேள்வி கேட்டவரின் மகனுக்கு 14. "உங்கள் ஆதாரம் என் பிள்ளைக்குப் பொருந்தாதே" என்று அவர் கேட்டால் அது நியாயம்தான். நான் கவனிக்காமல் எழுதிவிட்டேன்.

அதே கல்லூரியில் இன்னொரு குழு 11 வயதிலிருந்து 33 வயது வரை உள்ளவர்களுக்கு 20 நாள் பயிற்சி கொடுத்தது, 2016இல் வந்தது. அது மனக்கட்டுப்பாட்டுப் பயிற்சி இல்லை. வடிவங்களுக்குள் இருக்கும் உறவைக் கண்டுபிடிக்கும் புதிர். அதில் 11, 12 வயதுப் பிள்ளைகளைவிட 16 வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம் முன்னேறினார்கள். சின்ன வயதிலேயே பிடித்துவிட வேண்டும், போனால் போச்சு என்று பயமுறுத்துகிறவர்களுக்கு இது நல்ல பதில். பதின்வயதில் கதவு நன்றாகத் திறந்தேதான் இருக்கிறது. நான் சொன்னது வகுப்பைப் பற்றி மட்டும். பிள்ளை மாறவே மாட்டான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

14 ஜூன்
"அப்படியானால் இந்த வயதில் மூளையில் பிரேக்கே இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிரேக் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும்.

1999இல் அமெரிக்க மனநல ஆய்வு நிறுவனத்தில் ஜே கீட் குழு ஒரே பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியில் சாம்பல் பொருள் (நரம்பணுக்கள் நிறைந்த திசு) 11, 12 வயது வரை கூடி, அப்புறம் குறைய ஆரம்பிக்கிறது. குறைவது என்றால் கெடுவது இல்லை. முருங்கையைக் கழித்துவிடுகிற மாதிரி, பயன்படாத இணைப்புகள் போகின்றன, பயன்படும் நரம்புகளுக்கு மையலின் என்ற கொழுப்பு உறை ஏறுகிறது. இந்த வேலை மூளையின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கி நகர்கிறது. கடைசியாக முடிவது நெற்றிப் பக்கம். திட்டமிடுவது, நிறுத்துவது, பின்விளைவைப் பார்ப்பது எல்லாம் அங்கேதான் பெரும்பாலும். 25 வயதில் முடியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 25 என்ற எண்ணில் தனியாக ஒன்றும் இல்லை. பிறந்தநாள் அன்று தாழ்ப்பாள் விழுவதில்லை.

ஆனால் அமைதியான அறையில் உட்கார வைத்து நிறுத்தச் சொன்னால் 15 வயதுப் பிள்ளை கிட்டத்தட்ட பெரியவர்கள் அளவுக்கே நிறுத்துகிறான். பிட்ஸ்பர்க்கில் பியாட்ரிஸ் லூனா செய்த கண் சோதனைகள் இதைக் காட்டுகின்றன. ஓர் ஒளி தோன்றும். அதைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் திணறுவார்கள், பதின்வயதினர் சமாளித்துவிடுவார்கள். சரியாகச் செய்தால் பரிசு உண்டு என்றால் இன்னும் நன்றாகச் செய்கிறார்கள்.

சிக்கல் சூடு ஏறும்போது வருகிறது. 2005இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 306 பேரை ஒரு கார் ஓட்டும் விளையாட்டு விளையாட வைத்தார்கள். தனியாக விளையாடியபோது எல்லா வயதினரும் ஏறக்குறைய ஒரே மாதிரி. நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது 13 முதல் 16 வயது வரை உள்ளவர்கள் எடுத்த ஆபத்து இரண்டு மடங்கு. கல்லூரி வயதினருக்குப் பாதி கூடியது. 24 வயதைத் தாண்டியவர்களுக்கு மாற்றமே இல்லை. ஆறு வருஷம் கழித்து ஸ்கேனுக்குள் படுக்க வைத்து இதே மாதிரி செய்தார்கள். நண்பர்கள் அடுத்த அறையிலிருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்ததுமே பதின்வயதினரின் மூளையில் பரிசை எதிர்பார்க்கும் பகுதி, டோபமின் என்ற ஆசையைத் தூண்டும் வேதிப்பொருள் பாயும் இடம், கூடுதலாக வேலை செய்தது.

போன வருஷம் என் வகுப்பில் ஒரு பையன். ஆய்வகத்தில் அவ்வளவு நிதானம். பிளேடால் தண்டை வெட்டும்போது கை ஆடாது. பைபாஸில் ட்ரிபிள்ஸ் போய் விழுந்து காரை எலும்பை உடைத்துக்கொண்டு வந்தான். "மிஸ், தனியாப் போனா நான் நாப்பதத் தாண்ட மாட்டேன் மிஸ்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுடைய பிரேக் நல்ல பிரேக்தான். அன்று வண்டியில் மூன்று பேர்.

15 ஜூன்
மார்ஷ்மெல்லோ சோதனையைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பள்ளிக்கு வரும் ஊக்கப் பேச்சாளர்கள் எல்லோரும் சொல்வது. 1960களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் மழலையர் பள்ளிப் பிள்ளைகள் முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, நான் வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருகிறேன் என்றார். காத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்தார்கள் என்பது கதை. 2018இல் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துத் திரும்பப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியானது. குடும்பச் சூழலையும் வசதியையும் கணக்கில் எடுத்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

எனக்குப் பிடித்தது வேறொன்று. 2013, அமெரிக்காவின் ரோசெஸ்டர். 28 சின்னப் பிள்ளைகள். மிட்டாயைக் காட்டுவதற்கு முன்னால், நல்ல கலர் பென்சில் கொண்டுவருகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். பாதிப் பிள்ளைகளுக்குக் கொண்டுவருகிறார். மீதிப் பிள்ளைகளிடம் வெறுங்கையோடு வந்து, இல்லையாம் என்கிறார். அப்புறம் மிட்டாய் சோதனை. வாக்கு காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிடம்.

இதைப் படித்துவிட்டு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏழாவதில் நல்ல மார்க் எடுத்தால் கியர் சைக்கிள் என்று மகனிடம் சொல்லியிருந்தோம். எடுத்தான். அவன் அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார், அந்த வருஷம் வேலை மாறிக் கை கடித்தது. அடுத்த வருஷம் என்றோம். அதுவும் போனது. "இவனுக்குப் பொறுமையே இல்லை" என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! காத்திருந்து அவன் கண்ட பலன் என்ன?

22 ஜூன்
"பழகப் பழகத் தசை மாதிரி வலுவாகும்" என்று மையத்தில் சொன்னார்களே, அந்த உவமையின் பிறப்பிடம் தெரியும். 1998இல் பாமைஸ்டர் என்ற உளவியலாளர், சுடச்சுட சாக்லேட் பிஸ்கட் மணக்கும் அறையில் சிலரை முள்ளங்கி மட்டும் தின்ன வைத்தார். பிறகு தீர்க்கவே முடியாத ஒரு புதிரைக் கொடுத்தார். முள்ளங்கி தின்றவர்கள் சீக்கிரம் கைவிட்டார்கள். மனத்தை அடக்கும் சக்தி தசை மாதிரி களைத்துப்போகிறது என்றார். களைக்கும் என்றால் பழக்கினால் வலுக்கவும் செய்யும் என்பது அதன் நீட்சி. 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து 2,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து அந்தக் களைப்பை அளக்கப் பார்த்தன. கிட்டத்தட்ட பூஜ்யம். விவாதம் அத்தோடு முடியவில்லை, ஆனால் இதை அடித்தளமாக வைத்து 7,500 ரூபாய் வாங்குவது சரியில்லை.

6 ஜூலை
வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன்.

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் ஊரில் 205 பேரிடம் ஒரு கருவியைக் கொடுத்து, நாள் முழுக்க அவ்வப்போது ஒலி எழுப்பி, இப்போது எதற்காவது ஆசைப்படுகிறீர்களா, அதை அடக்கிக்கொண்டிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். மனக்கட்டுப்பாடு அதிகம் உள்ளவர்கள் ஆசையோடு அதிகமாக மல்லுக்கட்டுவார்கள் என்றுதான் நாம் நினைப்போம். அவர்களுக்கு மல்லுக்கட்டே குறைவு. தூண்டுகிற பொருள் இருக்கும் இடத்துக்கு அவர்கள் அதிகம் போவதில்லை. உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த்தின் குழு அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடமும் இதைப் பார்த்தது. போனைக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டுப் படித்தவர்கள், பக்கத்தில் வைத்துக்கொண்டு மனத்தை அடக்கியவர்களைவிட நன்றாக நினைத்ததைச் செய்து முடித்தார்கள்.

எங்கள் வீட்டில் அத்தை, அதாவது மகனுக்கு அப்பத்தா, ஹாலில்தான் படுப்பார். ராத்திரி 9 மணிக்கு அவன் போனை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் அதைத் தன் வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். நானே வாங்கி வைத்தபோது தினமும் சண்டை. அப்பத்தாவிடம் அவன் முறைத்துக்கொள்வதில்லை. மூன்று வாரமாக நடக்கிறது. போர்வைக்குள் வெளிச்சம் இல்லை.

இன்னொன்றும் படித்தேன். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஈவா டெல்சர் குழு 14 வயதுப் பிள்ளைகளை அது மாதிரி ஒரு கார் விளையாட்டை அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது விளையாட வைத்தது. ஆபத்து எடுப்பது குறைந்தது, பரிசுப் பகுதியின் துள்ளலும் அடங்கியது. அப்பத்தாவை வைத்து யாரும் ஆய்வு செய்ததாக நான் பார்க்கவில்லை, செய்யலாம்.

7 ஜூலை
சார்ஜரையும் படுக்கை அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். நேற்று எழுத மறந்தது இதுதான், முக்கியமும் இதுதான்.

3 ஆகஸ்ட்
ஜூலை 6 குறிப்பைத் திருத்த வேண்டும். போர்வைக்குள் வெளிச்சம் இல்லை என்று எழுதினேன். வெளிச்சம் கொல்லைப்புறத் திண்ணையில் இருந்திருக்கிறது. 11 மணிக்கு மேல் அவன் அப்பத்தா காதில் ஏதோ சொல்ல, அவர் பெட்டியைத் திறந்து கொடுத்துவிடுவாராம். "பிள்ளை முகத்தப் பாத்தா மனசு கேக்கலத்தா" என்றார் அத்தை. எனக்கு முதலில் இருவர் மேலும் கோபம். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். அந்த 9 மணி ஏற்பாட்டில் அவனுடையது என்று எதுவுமே இல்லை. நேரம் நான் சொன்னது, பெட்டி அத்தையுடையது. அவன் வேலை கொடுப்பது மட்டும்.

உட்கார்ந்து பேசினோம். கத்தாமல் பேச இரண்டு நாள் ஆனது. ராத்திரி 9க்கு மேல்தான் அவன் கூட்டாளிகளின் குழுவில் அன்றைய கிரிக்கெட் பேச்சு நடக்குமாம். அதில் இல்லாவிட்டால் மறுநாள் பள்ளியில் யார் என்ன பேசுகிறார்கள் என்றே புரியாதாம். எனக்கு அது அற்பமாகத் தெரிந்தது. 15 வயதில் அது அற்பம் இல்லை, அதைத்தான் மேலே ஜூன் 14இல் நானே எழுதியிருக்கிறேன். 8.15லிருந்து 9.10 வரை அந்தப் பேச்சு, அப்புறம் அவனாகவே பெட்டியில் வைப்பது என்று அவனே சொன்னான். கூட்டாளிகளிடமும் அவனே நேரத்தை மாற்றச் சொல்லியிருக்கிறான். இரண்டு பேர் சரி என்றார்களாம். அவர்கள் வீட்டிலும் இதே சண்டை இருந்திருக்கும் போல.

அப்புறம் ஜூன் 9இல், பயிற்சியால் ஒன்றும் மாறவில்லை என்று நான் எழுதியதிலும் ஒரு திருத்தம். ஆரிகன் பல்கலைக்கழகத்தில் எலியட் பெர்க்மன் குழு 2014இல் பெரியவர்களுக்கு அதே அம்புக்குறிப் பயிற்சியை 3 வாரம் கொடுத்து ஸ்கேன் எடுத்தது. மூளையில் மாற்றம் இருந்தது. பயிற்சிக்கு முன்னால் நெற்றிப் பகுதி, சத்தம் கேட்ட பிறகு சுறுசுறுப்பானது. பயிற்சிக்குப் பின்னால், சத்தம் வருவதற்கு முன்பே, இப்போது வரலாம் என்ற கட்டத்திலேயே சுறுசுறுப்பானது. நிறுத்தும் வேலை முன்னுக்கு நகர்ந்திருக்கிறது! என் மகன் மூன்றாம் நாள் பிடித்த தந்திரமும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. சின்ன அத்தையும் மாடு எப்போது வரும் என்று கையை மடியில் கனமாக வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்.

9.10க்குப் பெட்டியில் வைப்பதும் அதே வகை என்று எனக்குத் தோன்றுகிறது. 11 மணிக்குக் கையில் போனோடு படுத்துக்கொண்டு அவனால் நிறுத்த முடியாது. என்னாலும் முடியாது. 8.15க்கு அவனால் முடிவு எடுக்க முடிகிறது. இது என் ஊகம். ஆரிகன் ஆய்வு இதைச் சொல்லவில்லை.

20 செப்டம்பர்
உங்கள் பேச்சு, குற்றம் செய்யும் பதின்வயதினருக்கு என்ன தண்டனை என்ற பக்கம் போயிருக்கிறது, சுருக்கமாக ஒரு குறிப்பு. இந்த ஆய்வுகள் நீதிமன்றத்திலும் பேசப்பட்டவை. 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 18 வயதுக்கு முன் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று ரோப்பர் வழக்கில் தீர்ப்பளித்தபோது, பதின்வயதினரின் முதிர்ச்சியைப் பற்றிய ஆய்வுகள் முன்வைக்கப்பட்டன. நம் நாட்டில் 2015 சிறார் நீதிச் சட்டம் எதிர்த்திசையில் ஒரு கதவைத் திறந்தது: 16 வயது நிரம்பியவர் கொடுங்குற்றம் செய்திருந்தால், சிறார் நீதிக் குழுமம் அவருடைய மனத்திறனைப் பார்த்து, பெரியவராக விசாரிக்கலாம் என்று அனுப்பலாம். இந்தியா உட்பட 11 நாடுகளில் 10 முதல் 30 வயது வரை 5,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்த ஆய்வு ஒன்று 2019இல் வந்தது. யோசிக்கும் திறன் 16 வயதுவாக்கில் பெரியவர் அளவை எட்டுகிறது, சூடான நேரத்தில் தன்னை நிறுத்தும் முதிர்ச்சி 18க்கும் அப்பால் போகிறது என்றது. அமைதியான அறையில் மனத்திறனைச் சோதித்தால் எந்த முதிர்ச்சி தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

28 செப்டம்பர்
இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன்.

என் மாணவி ஒருத்தி. அடையாளம் சொல்ல மாட்டேன். காலை 4 மணிக்கு எழுந்து சமைத்து, தம்பிகள் இருவருக்கும் டிபன் பாக்ஸ் கட்டி, 6.45 பஸ்ஸைப் பிடித்து வருகிறவள். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. தம்பிகள் ஆறும் ஏழும். ஒரு நாள் தாமதமாக வந்ததில்லை. ரெக்கார்டு நோட்டில் ஒரு கோடு பிசகாது. "கட்டுப்பாடு என்றால் இவளைப் பாருங்கள்" என்று வகுப்பில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

காலாண்டுத் தேர்வுக்கு முன்னால், வெங்காயச் சவ்வை ஸ்லைடில் வைக்கும்போது அவள் கை நடுங்கியதைப் பார்த்தேன். ஊசி முனையில் சவ்வு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. மூன்றாவது முறையும் சுருண்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு வெங்காயச் செதிலை உரித்தாள். நகக்கண் வெளுத்துக் கிடந்தது. மறுநாள் பிரேயரில் மயங்கி விழுந்தாள். ரத்தசோகை.

அமெரிக்காவின் ஜார்ஜியா கிராமங்களில் கறுப்பினப் பிள்ளைகள் ஏறக்குறைய 300 பேரை 17 வயதிலிருந்து 22 வரை பின்தொடர்ந்த ஆய்வு, 2015இல் வந்தது. மனக்கட்டுப்பாடு அதிகம் இருந்தவர்கள் மனச்சோர்வு, போதை, சண்டை எல்லாவற்றிலும் நன்றாக இருந்தார்கள், ஏழையானாலும் சரி, வசதியானவர்களானாலும் சரி. ஆனால் ரத்த அணுக்களின் வயதை மரபணு மேல் இருக்கும் வேதிக் குறிகளை வைத்துக் கணக்கிட்டபோது வேறொன்று தெரிந்தது. வசதியான பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு கூடக் கூட அணுக்கள் இளமையாக இருந்தன. ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு கூடக் கூட அணுக்கள் வயதுக்கு மீறி மூத்திருந்தன. எல்லாம் எதிராக இருக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு மேலே ஏறுவதற்கு உடம்பு விலை கொடுக்கிறது.

நியூசிலாந்தின் டுனெடின் ஆய்வை நான் மறக்கவில்லை. 1972-73இல் பிறந்த 1,037 பேர். சின்ன வயதில் கட்டுப்பாடு அதிகம் இருந்தவர்கள் 32 வயதில் உடல்நலம், பணம், சட்டச் சிக்கல் எல்லாவற்றிலும் நன்றாக இருந்தார்கள். நடுவில் கட்டுப்பாடு கூடியவர்களும் எதிர்பார்த்ததைவிட நன்றாக வந்தார்கள். அதுவும் உண்மைதான். கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அவளுக்கு இன்னும் கொஞ்சம் மன உறுதி வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா? அவளுக்கு வேண்டியது இரும்புச்சத்து மாத்திரை, ஒரு மணி நேரத் தூக்கம், தம்பிகளுக்குச் சோறு.

தலைமை ஆசிரியரிடம் பேசி, முதல் பீரியடுக்கு அவள் 15 நிமிடம் தாமதமாக வர அனுமதி வாங்கியிருக்கிறோம். அடுத்த பஸ்ஸில் வரலாம். இனி அவளை உதாரணம் காட்ட மாட்டேன். அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். "எதுக்கு மிஸ்?" என்றாள்.

26 அக்டோபர்
தீபாவளி லீவில் எல்லா ஏற்பாடும் கலைந்துவிட்டது, நினைத்ததுதான். வெடி, பலகாரம், சொந்தக்காரப் பிள்ளைகள், ராத்திரி 2 மணி வரை போன். நான் விட்டுவிட்டேன்.

தூக்கத்தைப் பற்றி ஒன்று. பருவம் வந்த பிறகு உடம்பில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் ஏறும் நேரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. அதனால் 10 மணிக்குத் தூக்கம் வரவில்லை என்று பிள்ளை சொல்வது சாக்கு இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன்னால் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. இங்கே 5.30 மணிக்கு டியூஷன் வைக்கிறோம். தூங்காத பிள்ளையிடம் கட்டுப்பாட்டை எங்கே தேடுவது? மகனின் காலை டியூஷனை இந்த மாதத்தோடு நிறுத்திவிட்டேன், மாலையில் நானே பார்த்துக்கொள்கிறேன். "பத்தாவதில் போய் நிறுத்துவார்களா?" என்று தெருவில் எல்லோரும் கேட்கிறார்கள்.

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பதைப் பார்த்தேன். மையத்தில் சேர்க்கவில்லை, மாலையில் ஷட்டில் போகிறான், கோபத்தில் எறிவது மட்டும் நிற்கவில்லை என்கிறார். எறிந்த பிறகு அவன் என்ன செய்கிறான் என்று கவனித்துச் சொல்லுங்கள். என் மகன் எட்டாவதில் டிவி ரிமோட்டை எறிந்தான். மறுநாள் அதைச் செல்லோடேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். அந்த ரிமோட் இன்னும் இருக்கிறது, இரண்டு தட்டுத் தட்டினால் வேலை செய்யும்.

16 நவம்பர்
கேட்டவர்களுக்காக: கியர் சைக்கிள் வாங்கிவிட்டோம். மூன்று வருஷம் தாமதம், சீட்டை நன்றாக உயர்த்த வேண்டியிருந்தது. எந்த நிபந்தனையும் வைக்கவில்லை.

வெற்றிலைப் பெட்டி ஏற்பாடு தீபாவளிக்குப் பிறகு திரும்பத் தொடங்கியது, அவனாகத்தான் தொடங்கினான். அத்தைக்கு இப்போது கெடுபிடி அதிகம். நடுராத்திரி கேட்டால் "காலையில கேளுடா" என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறார். நேற்று அவன் பெட்டியில் வைக்கும்போது மணி 9.25. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவனும் நான் பார்ப்பதைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் பாலைக் காய்ச்சப் போனேன்.